தலைவருக்கு முன்னாலும் பின்னாலும் செல்லக்கூடாது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கோட்டாற்றுச் சவேரியார் சாட்சி. அவரை மட்டும் அழைத்தால் மண்டைக்காட்டு அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பதால் அவளும் சாட்சி. திருவட்டாற்றுப் பெருமாள் படுத்திருக்கிறார். அவரை எழுப்ப வேண்டாம், காதில் விழுந்தால் போதும். நான் பொய் பேசாதவன் என்பதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். என்னைத் தெரியாதவர்களிடம் விசாரிப்பது நல்லது.

மூன்று வருடத்துக்கு முன்னால், 2010-இல், கொக்கோட்டுக்குளத்துக் கரையில் ஒரு நடைபாதை வந்தது. இன்டர்லாக் கல் பதித்த பாதை. நான்கு சிமென்ட் பெஞ்சு. தெற்கு முனையில் ஒரு பலகை. அதில் இரண்டே வரி: ‘நடைப்பயிற்சி செய்வோருக்கு மட்டும். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதையில் பதினொரு பேர் நடந்தோம். ஆறரைக்கெல்லாம் சங்கமாகிவிட்டோம். எங்கள் ஊரில் மூன்று பேர் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினால், மழை விடுவதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வாகி முதல் கூட்டத்தின் மினிட்ஸும் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்து சுமாராக இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஜெபசீலன் சார்.

சாருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. நடையில் அவருக்கு நிகராக ஒருவரை நான் கண்டதில்லை. அவர் கடந்து போய் வெகுநேரம் கழித்துத்தான் நாய்க்குக் குரைக்கத் தோன்றும். ஒருநாள் மூன்றாவது சுற்றில், இரண்டாவது சுற்றிலேயே இன்னும் நடந்துகொண்டிருந்த தன் முதுகைப் பார்த்து ‘குட் மார்னிங்’ சொன்னார். பதில் வந்ததா என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்காததைச் சொல்லக்கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். போட்ட தீர்மானத்தை ரத்து செய்யும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ரத்து செய்தால் அதைக் கொண்டுவந்தவருக்கு மானக்கேடு. அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு சபைக்குப் போய்விடுவார். போகிற இடத்தில் சபை இல்லையென்றால் ஒன்று தொடங்கிவிடுவார். எங்கள் தெருவில் நான்கு ஆலயங்கள் வந்த கதை அதுதான். ஆகவே ஒரு தீர்மானம் தப்பாகப் போனால் அதை அப்படியே இருக்கவிட்டு, அதன் காலடியில் இன்னொன்றைச் சேர்ப்போம்.

இனி வேளாங்கண்ணி. புதூர்க் கடற்கரைக்காரி. இருபது வருடமாகத் தலையில் மீன் சுமந்து, கொக்கோட்டுக்குளம் தாண்டி, பாறையடி முக்கில் உட்கார்ந்து விற்றவள். ஏழு மணிக்குள் முக்குக்கு வந்துவிட்டால் ஊரே அவளிடம் வாங்கும். ஏழு தாண்டினால் பைக்கில் மீன் கொண்டு வருகிறவர்கள் முந்திவிடுவார்கள். பிறகு ஈ ஓட்ட வேண்டியதுதான். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால், தோஹாவில் இருக்கும் மகன் அஜின் அவளுக்கு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். பச்சை நிறம். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், சத்தம் துளியும் இல்லை. ஒரே குறை, ஏற்றத்தில் ஏறாது. தார் ரோட்டில் வந்தால் கழுதைப்பாறை ஏற்றம் ஏற வேண்டும். இரண்டு பெட்டி மீனோடு பாதி ஏற்றம் வரை போகும். அதன்பின் நின்று யோசிக்கும். குளத்தங்கரை மட்டும்தான் சமநிலம். ஆகவே கரைப்பாதை இருந்தால் அவளுக்குப் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை.

அவள் வண்டியோடு வந்த முதல் நாள் ஜெபசீலன் சார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் காற்றைப் போல வந்து, அவர் காதருகே, “சாரே, கொஞ்சம் ஒதுங்கணும்” என்றாள்.

சார் ஒதுங்கினார். ஒதுங்கியவர் குளத்தின் நடுவில் ஒரு தாமரை இலைமேல் போய் நின்றார். இலை நனையவில்லை. அங்கே நின்றுகொண்டே கேட்டார்: “நீ மனுஷியா, பூதமா?”

“மீன்காரி சாரே. நல்ல சாளை இருக்கு, எடுக்கட்டா?”

அன்று மாலையே அவசரக் கூட்டம். வேளாங்கண்ணியையும் வரச் சொல்லியிருந்தோம். விசாரித்தவர் பொருளாளர் பொன்னுலிங்கம். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சட்டம் தெரிந்தவர் என்று பெயர்.

“நம்பர் பிளேட்டு எங்க?”

“கெடையாது.”

“லைசென்சு?”

“வேண்டாம்னு கடையில பறஞ்சான். பேப்பரு இருக்கு, பாருங்க.”

பொன்னுலிங்கம் அந்தக் காகிதத்தை நான்கு முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

“சாரே, இது மோட்டார் வாகனம் இல்ல.”

“உள்ள என்ன இருக்கு?”

“மோட்டாரு.”

“மோட்டார் வச்ச வண்டி மோட்டார் வாகனம் இல்லியா?”

“இல்ல சாரே. மோட்டாரு சின்னது. மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஓடாது. அப்பிடிப்பட்டத மோட்டார் வாகனமா எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல கெடக்கு.”

“பொறவு அது என்ன?”

“அது என்ன இல்லைன்னு மட்டுந்தான் சட்டம் சொல்லுது. என்னன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.”

ஒருவர் சைக்கிள் என்றார். மிதிக்கட்டை இல்லாத சைக்கிளா என்று இன்னொருவர் கேட்டார். கட்டில் என்றார் ஒருவர். அதற்கும் சக்கரம் வைத்திருக்கிறார்களே என்பது அவர் வாதம். முடிவில், வண்டி எதுவானாலும் ஓசையில்லாமல் வருவதுதான் குற்றம் என்று பட்டது. சாரே எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார்: ‘ஓசையின்றி ஓடும் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டே செல்ல வேண்டும்.’ பெயிண்டர் சத்தியராஜ் வந்து பலகையில் மூன்றாவது வரியாக அதை எழுதினான்.

மறுநாள் வேளாங்கண்ணி ஒலி எழுப்பினாள்.

“சாளேய்! அயிலேய்! துள்ளுத நெத்திலியேய்!”

இருபது வருடம் கடலோசைக்கு மேலே கூவிப் பழகிய தொண்டை. அக்கரையில் இரண்டு தென்னையில் குலையோடு இளநீர் விழுந்தது. காலை ஜெபத்தில் கண்மூடியிருந்த ஒரு போதகர், ஆமென் என்பதற்குப் பதிலாக ‘அரைக் கிலோ’ என்றார். குளத்தில் கிடந்த கெண்டைகள், கூப்பிட்டது தங்களை இல்லை என்று தெரிந்து ஆழத்துக்குப் போயின.

மறுபடி கூட்டம். ஒலி வேண்டும் என்ற தீர்மானத்தை ரத்து செய்ய முடியாது, அது தலைவருடையது. ஆகவே, ‘மேற்படி ஒலி பிறர் காதில் விழாதவாறு இருக்க வேண்டும்’ என்று சேர்த்தோம்.

“சாரே, யாருக்கும் கேக்காம எப்பிடிக் கூவுகது?” என்று கேட்டாள் வேளாங்கண்ணி.

“அது உனக்க பாடு” என்றார் பொன்னுலிங்கம்.

அடுத்த நாள் முதல் அவள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் சபையில் பாடகர் குழுவில் பாதிப்பேர் அந்த முறையில்தான் பாடுகிறார்கள் என்பதால் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வண்டி சாரை முந்திவிட்டது. முந்தி என்றால் ஒரு முழம். அவருடைய நடையை அதுவரை முந்தியது நாகர்கோவிலில் இருந்து போகும் ரயில் ஒன்றுதான்; அதுவும் அன்று அவர் செருப்பு வார் அறுந்ததால். அன்று மாலையே, ‘எந்த வண்டியும் தலைவருக்கு முன்னால் செல்லக்கூடாது’ என்று வரி ஏறியது.

சரி என்று வேளாங்கண்ணி அவருக்குப் பின்னால் வரத் தொடங்கினாள். பின்னால் வந்ததில் ஒரு சங்கடம். மீன் பெட்டிக்குப் பின்னால் பூனைகள் வந்தன. முதல் நாள் நான்கு, மூன்றாம் நாள் முப்பத்தேழு. வரிசை குலையாமல், வாலை மெழுகுவர்த்தி போல நிமிர்த்திக்கொண்டு வந்தன. முன்னால் வெள்ளை வேட்டியில் சார். அவருக்குப் பின்னால் பச்சை வண்டியில் உதடு அசைய வேளாங்கண்ணி. அவளுக்குப் பின்னால் பூனைகள். பார்த்தால் தேர்ப்பவனி. கரையில் துணி துவைக்க வந்த புதூர் அம்மாள் ஒருத்தி சோப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, “சாரே, இன்னிக்கு எந்தப் புனிதருக்க திருநாளு?” என்று கேட்டாள்.

ஜெபசீலன் சார் நான்கு தலைமுறையாகப் புரொட்டஸ்டன்ட் மிஷன் சபைக்காரர். பவனி, கொடி, மெழுகுவர்த்தி எதுவும் அவர் குடும்பத்தில் ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் ஒருவர் அவரைப் பார்த்து, “சாரே, அடுத்த வருஷம் கொடியேற்றம் எப்பம்?” என்று கேட்டுவிட்டார். சார் ஆராதனைக்கு நிற்காமலே திரும்பிவிட்டார்.

‘பின்னாலும் செல்லக்கூடாது’ என்று அடுத்த வரி.

“அப்பம் பக்கத்துல வரலாமா சாரே?” என்று அவள் கேட்டது கபடில்லாத கேள்வி.

சார் வீடு குளத்துக்கு எதிரில்தான். மாடியில் துணி காயப்போடும் மனைவி பூங்கனிக்குக் கரை முழுவதும் தெரியும். அதை நினைத்துப் பார்த்துவிட்டு, ‘பக்கவாட்டிலும் செல்லக்கூடாது’ என்றார்.

இதற்குள் பலகை ஒன்பது அடி வளர்ந்திருந்தது. மேல்வரியைப் படிக்க சத்தியராஜின் ஏணி வேண்டும். ‘அனுமதி’க்கும் ‘இல்லை’க்கும் நடுவில் ஒரு கரிச்சான் கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. நடக்க வருகிறவர்கள் முதலில் பலகையைப் படிப்பார்கள். படித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கும் சர்க்கரை குறைந்தது.

வேளாங்கண்ணி எதிர்த்துப் பேசவில்லை. பலகையை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “முன்ன கூடாது, பின்ன கூடாது, பக்கத்துல கூடாது. வரக் கூடாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா பெயிண்டு மிச்சமாயிருக்குமே செக்ரட்டரி” என்று சொல்லி, வண்டியைத் தார் ரோட்டுக்குத் திருப்பினாள்.

அன்று அவள் முக்குக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டேகால். மறுநாள் எட்டரை. பைக் மீன்காரர்களிடம் வாங்கிப் பார்த்த ஊர், அந்த மீனுக்கு அவளுடைய மீனின் ருசி இல்லை என்று கண்டது. மூன்றாம் நாள் கருவாடு. நான்காம் நாள் பயறு. பூனைகள் கூடிப் பேசிவிட்டு வடசேரிக்குப் பஸ் ஏறிவிட்டன. டிக்கெட் எடுத்தனவா என்று கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஜெபசீலன் சார் சாப்பிட உட்கார்ந்தார். சோறு, பப்படம், ஊறுகாய்.

“மீன் எங்க?”

“பலகையில எழுதிப் போட்டிருக்கே, போயி வாசிங்க” என்றாள் பூங்கனி. “முன்னால இல்ல, பின்னால இல்ல, தட்டுக்குப் பக்கத்துலயும் இல்ல.”

அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதோடு போயிருந்தால் அவர் இன்னொரு வரி சேர்த்திருப்பார். ஆனால் மறுநாள் காலை அவர் கரைக்கு வராமல் தார் ரோட்டில் நடந்தார். நான் பின்னால் போனேன். பின்னால் என்றால் ஒரு பர்லாங்கு பின்னால்.

கழுதைப்பாறை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டிருந்தது. வேளாங்கண்ணி இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளுவாள், சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுப்பாள், ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். எழுந்து மறுபடியும் பத்தடி. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவள் வந்த வழி முழுவதும் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு சார் நின்றார். நடையின் நடுவில் அவர் தரையில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு போய்ப் பின்னால் கை வைத்தார்.

“ஐயோ சாரே, நீங்க எதுக்கு? சட்டையெல்லாம் நாறும்.”

“பேசாம ஏறி இரு.”

அவர் தள்ளிய வேகத்தில் வேளாங்கண்ணி ஏற்றத்திலேயே இரண்டு தடவை பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. உச்சிக்கு வந்தபோது, தீர்ந்து கிடந்த பேட்டரி நிரம்பியிருந்தது. இதைக் கம்பெனிக்காரர்களிடம் சொன்னேன்; நம்பவில்லை. அது அவர்கள் பாடு.

மேலே வந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நாளைக்கும் வருவியளா சாரே?”

சார் கையில் ஒட்டிய செதிலைத் துடைத்தார்.

“ஒரு நாளு தள்ளுனா புண்ணியம். எனக்கு டெய்லி ஏறணுமே. முட்டு சம்மதிக்காது. இந்த வாரத்தோட வண்டிய குடுத்துட்டு, திருவனந்தபுரத்துல மக லிஜா கூடப் போயி இருந்துருவேன். பூங்கனியம்மைக்கிட்ட சொல்லிருங்க, நல்ல சாளை வேற ஆளுகிட்ட பாத்து வாங்கச் சொல்லி.”

அன்று மாலைக் கூட்டத்தில் ஜெபசீலன் சார் எழுந்து நின்று, “எனக்க தீர்மானத்த எல்லாம் நானே ரத்து செய்யுதேன்” என்றார்.

பெஞ்சில் இருந்த இருவர் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கும்பிட்டார்.

பொன்னுலிங்கம்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். “சாரே, உணர்ச்சிவசப்படாதீங்க. ரத்துன்னு ஒரு வார்த்தை நம்ம மினிட்ஸ் புக்குல கெடையாது. இன்னிக்கு நீங்க ரத்து செய்தா நாளைக்கு எனக்க தீர்மானத்தையும் கேப்பாவ.”

ஏணிமேல் நின்ற சத்தியராஜ், “எழுத எடமும் இல்ல அண்ணாச்சி” என்றான்.

“அப்பம் அவளுக்கு என்ன வழி?” என்று கத்தினார் சார்.

பொன்னுலிங்கம் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். கீழிருந்து மேலாக ஒருமுறை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வண்டி தலைவருக்கு முன்னால போகக்கூடாது. பின்னால, பக்கவாட்டுல போகக்கூடாது. சரி. தலைவருக்கு அடியில போகக்கூடாதுன்னு எங்கயும் எழுதல்ல.”

கூட்டிலிருந்து கரிச்சான் ஒருமுறை கத்தியது.

“நான் மீன் பெட்டிக்க மேல ஏறி இருக்கணுமா?” என்றார் சார்.

“உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே. ஓட்டுத ஆளுதான் தலைவரா இருக்கணும்.”

ஜெபசீலன் சார் நாற்பது வருடமாக ஏதாவது ஒன்றுக்குத் தலைவர். பள்ளிக்கூடம், சபையின் சேகரக் கமிட்டி, நூலக வாசகர் வட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். கடைசியாக மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருவர் தைரியம் வந்து, “நடையாளர் சங்கத்துக்கு வண்டியில போற ஆளு தலைவரா? நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?” என்று கேட்டார்.

சார் அவர் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பெஞ்சைப் பார்க்கும் பார்வை.

“இருபது வருஷம், தலையில சுமையோட, புதூர்ல இருந்து பாறையடி முக்கு வரைக்கும் நடந்தவ. ஒரு நாளு கூட விட்டதில்ல. நாம பதினோரு பேரு பொறந்ததுல இருந்து நடந்தத எல்லாம் கூட்டிப் பாரும். அவ நடந்ததுக்குப் பாதி வருமா?”

யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. சாரே முன்மொழிந்தார். பொன்னுலிங்கம் வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. செய்தி சொல்ல நான் முக்குக்குப் போனேன். வேளாங்கண்ணி காலிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே செக்ரட்டரி.”

“தலைவருக்கு அது தேவையில்ல. அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

“தலைவர் மீன் விக்கலாமா?”

“கூடாதுன்னு விதியில இல்ல.”

“அப்பம் சரி” என்றாள். “நாளைக்கு அயிலை வரும். பழைய தலைவருக்கு ரெண்டு எடுத்து வைக்குதேன்.”

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்குப் பச்சை வண்டி தன் தலைவரைச் சுமந்துகொண்டு, ஒரு விதியையும் மீறாமல், கரைப்பாதை முழுவதையும் கடந்து போனது. உதடுகள் விதிப்படி அசைந்தன. ஆறு நாற்பதுக்கு முக்கில் கடை விரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் பூனைகள் வந்து இறங்கின. மத்தியானம் சார் வீட்டில் அயிலைக் குழம்பு. பூங்கனி கேட்காமலே இரண்டாவது துண்டு போட்டாள்.

வேளாங்கண்ணி இன்றுவரை தலைவராக இருக்கிறாள். வண்டியைக் கொடுத்துவிடும் பேச்சும் இல்லை, திருவனந்தபுரம் போகும் பேச்சும் இல்லை. காலையில் அந்தப் பக்கம் வந்தால், அந்தப் பாதையில் அவள் தினமும் போவதை நீங்களும் உங்கள் கண்ணால் பார்க்கலாம்.

கொக்கோட்டுக்குளத்துக் கரையில் நடைபாதை போடுவதற்கு அளவெடுக்க, போன செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாக ஆட்கள் வந்திருக்கிறார்கள்.